ஓக்லண்டில் ஒரு வியாழக்கிழமை

ஸான்பிரான்ஸிஸ்கோ வளைகுடாவின் கிழக்குக் கரையில், ப்ரீமாண்ட் என்னும் ஊரில், என் தமக்கை மகன் வீட்டில் மூன்று வாரம் தங்கியிருந்தேன். காலையில் காப்பிப் பொடியின் மணமும் மாலையில் கந்த சஷ்டி கவசமும் அண்டை வீட்டுச் சுவரைத் தாண்டி வருவது அவ்வூரில் சகஜமாதலால், கடல் கடந்து வந்திருக்கிறோம் என்ற நினைவே பல நாட்களில் எனக்கு எழவில்லை. 2023-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் அது. பார்க்க வேண்டியவை என்று வீட்டார் வகுத்துக் கொடுத்திருந்த பாலத்தையும், கடற்கரையையும், வானளாவிய மரங்களையும் கடமை தவறாமல் பார்த்து முடித்த பிறகு, ஒரு வியாழக்கிழமை காலையில், நான் ஓக்லண்டுக்குப் போய் அன்று மாலை அந்த நகர மண்டபத்தில் கூடவிருக்கும் போலீஸ் கமிஷனின் கூட்டத்தைப் பார்த்துவிட்டு வரப்போவதாகச் சொன்னேன்.

“ஓக்லண்டா? அங்கே எதற்கு மாமா? காரை நிறுத்திவிட்டுத் திரும்புவதற்குள் கண்ணாடியை உடைத்துவிடுவார்கள்” என்றான் மருமான்.

“நான் ரயிலில்தானே போகிறேன்?”

“ரயிலில் போய் மீட்டிங் பார்க்கப் போகிறீர்களா!” என்று அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். அவனுடைய பத்து வயதுப் பெண் மட்டும், அந்த ஊரில்தான் கமலா ஹாரிஸ் பிறந்தார் என்றும், ஆகவே தாத்தா அங்கே போவது நியாயமே என்றும் எனக்காக வாதாடினாள். மன்னார்குடிக்குப் பக்கத்துத் துளசேந்திரபுரத்திலிருந்து வேர் விட்ட குடும்பத்தின் பெண், இந்தியாவிலிருந்து கலிபோர்னியாவுக்குப் படிக்கப் போய், ஓக்லண்ட் மருத்துவமனை ஒன்றில் 1964-இல் பெற்ற குழந்தை அந்நாட்டின் உபஜனாதிபதியாயிற்று என்பது நம்மவர் வீட்டில் பச்சைக் குழந்தைக்கும் தெரிந்த செய்தி. ஆனால் நான் போக விரும்பிய காரணம் வேறு.

சில வருஷங்களுக்கு முன் ஒரு பத்திரிகையில், ஓக்லண்ட் நகரம் தன் போலீஸ் இலாகாவைச் சீர்திருத்துவதாக ஒரு நியாயஸ்தலத்தில் எழுதிக் கொடுத்த ஒப்பந்தத்தைப் பற்றிப் படித்திருந்தேன். ஐந்து வருஷத்தில் முடிந்துவிடும் என்று எல்லோரும் எண்ணியிருந்த அந்தக் காரியம், நான் அங்கே போன சமயத்தில் தன் இருபதாவது ஆண்டையும் கடந்துவிட்டிருந்தது. ஐந்து வருஷத்தில் தீர வேண்டிய விவகாரம் இருபது வருஷமாகியும் தீரவில்லை என்று கேட்டால் நம் பக்கத்து மனிதனுக்குப் பங்காளிகளின் சிவில் வழக்கு ஒன்றுதான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் இங்கே வழக்கில் சிக்கிக்கொண்டிருந்தது நஞ்சையோ புஞ்சையோ அன்று, நாலு லட்சத்து நாற்பதாயிரம் ஜனங்கள் வசிக்கும் ஒரு நகரத்தின் போலீஸ் இலாகா முழுவதும். அதைப் பார்க்காமல் பாலத்தை மட்டும் பார்த்துவிட்டு ஊர் திரும்ப எனக்கு மனம் வரவில்லை.

ரயில் வீடுகளின் கொல்லைப்புறங்களையும், கிடங்குகளையும், மைதானம் ஒன்றையும் கடந்து, உயர்ந்த தூண்களின் மேல் ஓடி, ப்ரூட்வேல் என்னும் நிலையத்தில் நின்றது. 2009-ஆம் ஆண்டு புத்தாண்டு பிறந்த சில மணி நேரத்துக்குள், இந்த நிலையத்தின் மேடையில், குப்புறக் கிடத்தப்பட்டிருந்த ஆஸ்கர் கிராண்ட் என்ற இருபத்திரண்டு வயதுக் கறுப்பின இளைஞனை ரயில்வேயின் போலீஸ்காரர் ஒருவர் முதுகில் சுட்டுக் கொன்றார். ரயிலிலிருந்த பிரயாணிகள் பலர் தங்கள் கைத்தொலைபேசிகளில் அதைப் படம் பிடித்தார்கள். மின் அதிர்ச்சிக் கருவியை எடுப்பதாக எண்ணித் துப்பாக்கியை எடுத்துவிட்டேன் என்று அந்தப் போலீஸ்காரர் சொன்னார். ஜூரிகள் அதை உத்தேசமற்ற மரணக் குற்றம் என்று தீர்த்தார்கள். இந்த ரயில்வே போலீஸ் நகரப் போலீஸுக்குச் சம்பந்தமில்லாத தனிப் படை. ஆயினும் அந்த ஒரு குண்டுக்குப் பிறகு ரயில்வேயும் தன் போலீஸைக் கண்காணிக்கச் சுயேச்சையான தணிக்கை அதிகாரி ஒருவரையும், பிரஜைகள் சபை ஒன்றையும் ஏற்படுத்திக்கொள்ள நேர்ந்தது. நிலையத்தின் வெளிச்சுவரில் அந்த இளைஞனின் முகத்தைப் பெரிதாகத் தீட்டியிருக்கிறார்கள். பக்கத்திலுள்ள தெரு ஒன்றுக்கும் அவன் பெயர். மேடையில் ஒரு பெண் சாவகாசமாகக் குழந்தைக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கதவுகள் மூடிக்கொண்டன, ரயில் நகர்ந்துவிட்டது.

நகர மண்டபத்தில் கூட்டம் மாலையில்தான் என்பதால், நான் நேரே மேற்கு ஓக்லண்டில் இறங்கி நடக்கலானேன். ஒரு காலத்தில் கண்டத்தைக் கடந்து வரும் ரயில்கள் இங்கேதான் வந்து ஓயும். அந்த ரயில்களில் படுக்கை விரித்த கறுப்பினச் சிப்பந்திகள் குடியேறி, சங்கம் அமைத்து, வீடு கட்டி வாழ்ந்த பேட்டை இது. இரண்டாம் மகாயுத்தத்தின்போது கப்பல் தளங்களில் வேலை தேடி லூயிஸியானாவிலிருந்தும் டெக்ஸாஸிலிருந்தும் வந்தவர்களால் மேலும் நிறைந்தது. அவர்களுடைய சங்கீத விடுதிகள் நிறைந்திருந்த ஏழாவது தெருவின் மேல் பிற்காலத்தில் ரயில் பாதையைத் தூக்கி வைத்தார்கள். பேட்டையின் நடுவயிற்றைப் பிளந்துகொண்டு இரண்டடுக்கு மோட்டார்ப் பாதை ஒன்றையும் கட்டினார்கள். 1989 அக்டோபரில் ஏற்பட்ட பூகம்பத்தில் மேலடுக்கு கீழடுக்கின் மேல் விழுந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர் மாண்டார்கள். இப்போது அந்த இடத்தில் மண்டேலாவின் பெயரால் புல்லும் மரமும் நடைபாதையுமாக ஓர் அகன்ற சாலை போகிறது. அதன் ஓரத்தில் ஹியூயி நியூட்டனின் வெண்கல மார்பளவுச் சிலை; 2021-இல் வைத்தது. சிலைக்கு அருகிலுள்ள பெஞ்சியில் ஒரு கிழவர் தம் நாயோடு உட்கார்ந்து, சிலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வெயில் காய்ந்துகொண்டிருந்தார்.

நியூட்டனும் பாபி ஸீலும் 1966 அக்டோபரில் இதே ஊரில் தோற்றுவித்த கருஞ்சிறுத்தைக் கட்சியின் முதல் காரியமே போலீஸைக் கண்காணித்ததுதான். போலீஸ் வண்டி யாரையாவது நிறுத்தினால், இவர்களும் தங்கள் வண்டியை நிறுத்தி இறங்கி, சட்டம் அனுமதிக்கும் தூரத்தில் நின்றுகொண்டு, ஒரு கையில் துப்பாக்கியும் மறு கையில் சட்டப் புத்தகமுமாக, நிறுத்தப்பட்டவனுக்கு அவனுடைய உரிமைகள் இன்னின்ன என்று உரக்கப் படித்துக் காட்டுவார்களாம். துப்பாக்கியைப் பார்த்து அதிர்ந்த மாகாணச் சட்டசபை மறுவருஷமே பகிரங்கமாகக் குண்டு நிரப்பிய துப்பாக்கி ஏந்துவதைத் தடை செய்தது. அப்புறம் நடந்த சண்டைகளும் சாவுகளும் பிரசித்தம். அந்தத் துப்பாக்கியை நான் பாராட்டவில்லை. ஆனால் நள்ளிரவில், தெரு விளக்கின் கீழ், சட்டப் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு வாசித்த அந்தப் பையன்களுடைய யோசனை, துப்பாக்கி போன பிறகும், கட்சியே போன பிறகும், இந்த ஊரை விட்டுப் போகவேயில்லை. 1980-இல் நகரசபை பிரஜைகளின் போலீஸ் விசாரணைச் சபை ஒன்றை அமைத்தது. அதற்கு யோசனை சொல்லும் உரிமை உண்டு, தண்டிக்கும் அதிகாரம் கிடையாது. பல்லில்லாத சபை என்று ஜனங்கள் பரிகசித்தார்கள். பல் முளைக்க முப்பத்தாறு வருஷமாயிற்று.

சிலையிருக்கும் இந்தச் சுற்றுவட்டாரத்தில்தான், 2000-ஆம் ஆண்டில், இராத்திரி ரோந்துக்குப் போய்க்கொண்டிருந்த நான்கு போலீஸ்காரர்கள், ‘ரைடர்ஸ்’ என்ற பட்டப் பெயரோடு, அகப்பட்டவர்களை அடித்தார்கள் என்றும், இல்லாத போதைப் பொருளை இருந்ததாக வைத்துப் பிடித்தார்கள் என்றும், பொய் அறிக்கை எழுதினார்கள் என்றும் குற்றச்சாட்டு எழுந்தது. எழுப்பியவர் பத்திரிகைக்காரரல்ல, வக்கீலல்ல. அவர்களோடு பயிற்சிக்காக அனுப்பப்பட்டுப் பத்து நாளே ஆகியிருந்த ஒரு புதுப் போலீஸ்காரர். ‘காட்டிக் கொடுத்தவன்’ என்ற பெயரோடு ஒரு போலீஸ் நிலையத்தில் வேலை பார்ப்பது என்ன என்பதை எந்த நாட்டுப் போலீஸ்காரரைக் கேட்டாலும் சொல்லுவார்; அவர் அந்த இலாகாவை விட்டு விலகினார். நால்வரில் ஒருவர் தலைமறைவானார். மற்ற மூவர் மீதும் இரண்டு முறை விசாரணை நடந்தும் எவரும் தண்டனை அடையவில்லை. குற்றவியல் நியாயஸ்தலத்தின் கதை அவ்வளவுதான்.

சிவில் நியாயஸ்தலத்தின் கதை வேறு. ஜான் பரிஸ், ஜேம்ஸ் சானின் என்ற இரு வக்கீல்கள் 119 பேருடைய பிராதுகளைத் திரட்டி நகரத்தின் மேல் வழக்குத் தொடர்ந்தார்கள். நகரம் ஒரு கோடியே ஒன்பது லட்சம் டாலர் நஷ்டஈடு கொடுத்தது. பணத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். அப்படிப் போயிருந்தால் நானும் அந்தத் தெருவில் வேலையில்லாமல் நடந்திருக்க மாட்டேன். இனி இப்படி நடவாமலிருக்க இலாகா செய்ய வேண்டிய காரியங்கள் என்று ஐம்பதுக்கும் மேற்பட்ட ஷரத்துகளை எழுதி, அவை நிறைவேறுகின்றனவா என்று பார்க்க வெளியார் ஒருவரை அமர்த்தி, அவருடைய அறிக்கைகள் ஒரு நீதிபதியின் மேஜைக்குப் போகும்படி ஏற்பாடு செய்யச் சொன்னார்கள். 2003 ஜனவரியில் கையெழுத்தாயிற்று.

அந்த ஒப்பந்தத்தைப் படித்தவர்கள் அதில் வீர வசனம் ஒன்றையும் காணமாட்டார்கள். பலத்தைப் பிரயோகித்தால் யாரிடம், எத்தனை மணிக்குள் சொல்ல வேண்டும். ஒரு ஸார்ஜெண்டின் கீழ் எத்தனை பேருக்கு மேல் இருக்கக் கூடாது. பிராதை இத்தனை நாளுக்குள் விசாரித்து முடிக்க வேண்டும். ஒரே போலீஸ்காரரைப் பற்றித் திரும்பத் திரும்பப் பிராது வந்தால் அதை எந்தப் பதிவேட்டில் குறித்து யார் எச்சரிக்க வேண்டும் — எல்லாம் இப்படிக் கிராமக் கணக்குப்பிள்ளை எழுதும் அடங்கல் போலத்தான் இருக்கும். அவற்றில் ஒரு ஷரத்து என்னை நெடுநேரம் நிறுத்திவிட்டது. ரோந்து போகும் ஒவ்வொரு போலீஸ் வண்டியிலும், அந்தப் போலீஸ்காரர் மீதே பிராது கொடுப்பதற்கான படிவங்கள் எப்போதும் இருக்க வேண்டும் என்பது அது.

அது ஏன் என்னை நிறுத்தியது என்று சொல்லிவிடுகிறேன். எனக்குப் பதினாறு வயதிருக்கும்போது, தகப்பனார் கடன் வாங்கி வாங்கிக் கொடுத்திருந்த சைக்கிள் ஒரு சினிமாக் கொட்டகை வாசலில் காணாமற் போயிற்று. அழுகையை அடக்கிக்கொண்டு எங்கள் ஊர்ப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். ரைட்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “கம்ப்ளெயிண்டு எதுல எழுதுவே, என் முதுகிலயா? போய் ஒரு குயர் வெள்ளைத் தாளும் ரெண்டு கார்பனும் வாங்கியா தம்பி” என்றார். என் பிராதுக்கு ஒரு தாள் போதும். மிச்சம் இருபத்துமூன்று தாள்களும் சர்க்கார் காரியத்துக்கு ஆயின. மூன்றாம் வாரம், சைக்கிளை என் தகப்பனாரே கோயில் குளத்து மதிலோரத்தில் கண்டுபிடித்தார். சைக்கிள் கிடைத்துவிட்டது, இனி எனக்கு யாதொரு ஆட்சேபணையுமில்லை என்று எழுதிக் கொடுக்கும்படி ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்தது. அதற்கும் தாள் நாங்களே கொண்டு போனோம். திருட்டுப் பிராதுக்கே தாள் கொண்டுபோக வேண்டிய தேசத்திலிருந்து வந்தவன், தன்னைப் பற்றிய பிராதுக்குத் தானே தாளைச் சுமந்து திரியும் போலீஸ்காரரைப் பற்றிப் படித்தால் திகைக்கமாட்டானா?

ஆனால் தாள் வண்டியில் இருப்பது வேறு, அது நிரப்பப்பட்டு விசாரிக்கப்படுவது வேறு என்பதை ஓக்லண்ட் இருபது வருஷ காலம் செலவழித்துக் கற்றுக்கொண்டது. ஒப்பந்தத்தை மேற்பார்வையிட வாய்த்த நீதிபதி தெல்டன் ஹெண்டர்ஸன். அவர் பூர்வோத்தரம் ஒரு தனிக் கதை. 1960-களின் தொடக்கத்தில் மத்திய சர்க்காரின் சிவில் உரிமை இலாகாவில் சேர்ந்த முதல் கறுப்பின வக்கீல் அவர். தென்மாகாணங்களுக்கு அனுப்பப்பட்டிருந்தபோது, மார்ட்டின் லூதர் கிங் பிரயாணம் செய்வதற்கு, சர்க்கார் செலவில் தாம் வாடகைக்கு எடுத்திருந்த காரைக் கொடுத்துவிட்டார். அந்த ஓர் உபகாரத்துக்காக வேலையை ராஜிநாமா செய்ய நேர்ந்தது. அப்படிப்பட்டவர் பிற்காலத்தில் நீதிபதியாகி, ஒரு போலீஸ் இலாகாவின் ஸார்ஜெண்டுகள் சரியாகக் கையெழுத்திடுகிறார்களா என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை படித்துக்கொண்டிருந்தார் என்பதில் ஏதோ ஒரு பொருத்தம் எனக்குத் தோன்றுகிறது. ஐந்து வருஷமாயிற்று, முடியவில்லை. ஏழாயிற்று, முடியவில்லை. 2010-இல் ராபர்ட் வார்ஷா என்ற பழைய போலீஸ் தலைவர் மேற்பார்வையாளரானார். 2011 அக்டோபரில், நகர மண்டபத்து வாசலில் கூடாரம் அடித்திருந்த கிளர்ச்சிக்காரர்களைக் கலைத்த நாளின் இரவில், இராக் யுத்தத்திலிருந்து திரும்பிய ஒரு வாலிபரின் மண்டையைப் போலீஸ் எறிபொருள் ஒன்று உடைத்தது; அவருக்கு நகரம் 45 லட்சம் டாலர் கொடுத்தது. ஆத்திரமுற்ற வக்கீல்கள் இலாகாவையே நியாயஸ்தலத்தின் ரிஸீவர் கையில் ஒப்படைக்கும்படி கேட்டார்கள். அது நடந்திருந்தால் அந்நாட்டில் முன்னுதாரணமே இல்லாத காரியமாயிருந்திருக்கும். நகரம் பயந்து இறங்கி வந்தது: போலீஸ் தலைவருக்கும் மேலாக உத்தரவிடும் அதிகாரத்தோடு ஒரு டைரக்டரை நீதிபதி நியமிக்க ஒப்புக்கொண்டது.

இந்த நீண்ட வரலாற்றில் எனக்கு மிகவும் ருசித்த பகுதி சர்வகலாசாலைக்காரர்கள் வந்ததுதான். ஓக்லண்ட் போலீஸார் 2010 வாக்கிலேயே சட்டையில் காமிரா அணியத் தொடங்கிவிட்டவர்கள். ஸ்டான்போர்டிலிருந்து ஜெனிபர் எபர்ஹார்ட் என்ற அறிஞரும் அவர் சகாக்களும் வந்து, 2013-லும் 2014-லும் தெருவில் நிறுத்தப்பட்ட இருபத்தெட்டாயிரத்துச் சொச்சம் பேருடைய கணக்கை ஆராய்ந்தார்கள். நகரத்தில் நூற்றுக்கு 28 பேராக இருந்த கறுப்பர்கள், நிறுத்தப்பட்டவர்களில் நூற்றுக்கு 60 பேராக இருந்தார்கள். இது பலரும் எதிர்பார்த்ததுதான். அதற்கு மேல் அவர்கள் செய்தது புதுமை. 2014 ஏப்ரல் மாதத்தில் போக்குவரத்துக்காக நிறுத்தப்பட்ட 981 சந்தர்ப்பங்களில் போலீஸார் பேசிய பேச்சையெல்லாம் காமிராவிலிருந்து எழுதியெடுத்து, ஒவ்வொரு வாக்கியத்திலும் எவ்வளவு மரியாதை என்று அளந்தார்கள். ‘ஐயா’ என்றாரா, ‘தம்பி’ என்றாரா, சிரமத்துக்கு வருந்தினாரா, ‘பத்திரமாகப் போங்கள்’ என்றாரா, ‘கையைச் சக்கரத்தின் மேல் வை’ என்றாரா. வெள்ளையரிடம் பேசிய பேச்சில் மரியாதை அதிகம், கறுப்பரிடம் குறைவு என்று கண்டார்கள். போலீஸ்காரர் எந்த இனம் என்பதைக் கணக்கில் எடுத்தும் வித்தியாசம் மறையவில்லை.

ஆங்கிலத்தில் முன்னிலை ஒன்றே ஒன்று. அரசனுக்கும் ஆண்டிக்கும் ஒரே சொல். ஆகவே பாவம், அந்த அறிஞர்கள் மரியாதையைத் தேடி வாக்கியத்தின் சந்து பொந்தெல்லாம் யந்திரத்தை விட்டுத் துழாவ வேண்டியிருந்தது. தமிழில் இந்த ஆராய்ச்சி செய்ய யந்திரம் எதற்கு? ‘வா’, ‘வாய்யா’, ‘வாப்பா’, ‘வாங்க’, ‘வாங்க சார்’ என்ற ஐந்து படிகளில் ஒருவனை எந்தப் படியில் நிறுத்தினார் என்று பார்த்தால் அவன் சட்டையும் செருப்பும் ஜாதியும் சம்பளமும் கண்ணுக்கு முன் வந்துவிடும். வினைமுற்றின் கடைசி அசையிலேயே நாம் இந்தக் கணக்கை வைத்திருக்கிறோம். எடுத்துக் கூட்டத்தான் ஆள் இல்லை.

வெயில் தாழ்ந்தபோது நகர மண்டபத்தை அடைந்தேன். 1914-இல் கட்டிய, கல்யாணக் கேக்கைப் போலப் படிப்படியாக உயரும் வெள்ளைக் கட்டடம். மேல்மாடியில் ஒரு காலத்தில் சிறைச்சாலையும் இருந்ததாம். பூகம்பத்தில் விரிசல் கண்ட பிறகு, அதை அஸ்திவாரத்திலிருந்து அறுத்தெடுத்து ரப்பர்த் திண்டுகளின் மேல் உட்கார வைத்திருக்கிறார்கள். வாசலிலுள்ள சதுக்கத்துக்கு, யுத்த காலத்தில் ஜப்பானிய வம்சத்தவர் என்ற ஒரே காரணத்துக்காக முகாமில் அடைக்கப்பட்டு, பின்னர் இதே நகரத்தின் சபை உறுப்பினரான பிராங்க் ஒகாவாவின் பெயர். நடுவில் ஒரு பெரிய ஓக் மரம். சதுக்கத்தின் ஓரத்திலுள்ள பிராது அலுவலகத்தில், கேட்பதற்கு முன்பே ஒரு படிவத்தை எடுத்து என் கையில் கொடுத்தார் ஓர் அம்மாள். “உங்களுக்கு என்ன நடந்தது?” என்று பரிவோடு விசாரித்தார். ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

கமிஷன் பிறந்த கதையையும் சொல்லிவிட வேண்டும். 2016-இல், போலீஸ்காரர்கள் சிலர் பிராயம் வராத ஒரு பெண்ணைச் சீரழித்த செய்தி, தற்கொலை செய்துகொண்ட ஒரு போலீஸ்காரர் எழுதி வைத்த கடிதத்தின் மூலம் வெளிவந்தது. அந்த ஜூன் மாதத்தில் ஒன்பது நாளைக்குள் மூன்று தலைவர்கள் மாறினார்கள். நவம்பரில் ஜனங்கள் வாக்களித்தார்கள்: ஏழு பிரஜைகள் கொண்ட கமிஷன், சம்பளமில்லை; மூவர் மேயர் நியமித்தவர், நால்வர் ஒரு தேர்வுக் குழு பொறுக்கியவர்; பிராதுகளை விசாரிக்கத் தனி அலுவலகம்; போலீஸ் விதிகளைத் திருத்தும் உரிமை; எல்லாவற்றுக்கும் மேலாக, தகுந்த காரணமிருந்தால் போலீஸ் தலைவரையே வேலையிலிருந்து நீக்கும் அதிகாரம். நூற்றுக்கு எண்பதுக்கு மேல் ஆதரவு. 2020-இல் அதிகாரங்களை மேலும் விஸ்தரிக்க இன்னொரு வாக்கெடுப்பு. அதற்கும் எண்பதுக்கு மேல்.

கிடைத்த பல்லைக் கமிஷன் சும்மா வைத்திருக்கவில்லை. 2018-இல், இரண்டு வீடுகளுக்கு நடுவே துப்பாக்கியோடு மயங்கிக் கிடந்த வீடற்ற மனிதர் ஒருவரைப் போலீஸார் சுட்டுக் கொன்ற விஷயத்தில், சுட்டவர்களை வேலையிலிருந்து நீக்க வேண்டும் என்று கமிஷனும், வேண்டாம் என்று தலைவர் ஆன் கிர்க்பாட்ரிக்கும் நின்றார்கள். 2020 பிப்ரவரியில் மேயரும் கமிஷனும் சேர்ந்து, காரணம் காட்டாமலே, தலைவரை அனுப்பிவிட்டார்கள். அந்த அம்மாள் வழக்குப் போட்டார். கமிஷனர்களின் முறைகேடுகளைப் பற்றிப் புகார் சொன்னதற்காகவே தம்மை நீக்கினார்கள் என்றார். 2022-இல் ஜூரிகள் அவர் பக்கம் தீர்ப்பளித்து 3,37,635 டாலர் கொடுக்கச் செய்தார்கள். அடுத்து நிரந்தரத் தலைவராக வந்தவர் லெரோன் ஆம்ஸ்ட்ராங், மேற்கு ஓக்லண்டிலேயே வளர்ந்தவர். அவர் காலத்தில் சீர்திருத்தம் ஏறத்தாழ முடிந்துவிட்டது என்று, ஹெண்டர்ஸனுக்குப் பின் வந்த நீதிபதி வில்லியம் ஓரிக் ஒரு வருஷப் பரீட்சைக் காலம் கொடுத்தார். பரீட்சை முடிவதற்குள், ஒரு ஸார்ஜெண்ட் சம்பந்தப்பட்ட இரண்டு தவறுகளை — ஒன்று வண்டியை இடித்துவிட்டு நிற்காமல் போனது, மற்றொன்று லிப்டுக்குள் துப்பாக்கி வெடித்தது — உள்விசாரணை மழுப்பிவிட்டது என்று வெளிவந்தது. 2023 பிப்ரவரியில் மேயர் ஆம்ஸ்ட்ராங்கை நீக்கினார். நான் போனபோது நிரந்தரத் தலைவர் இல்லை.

கூட்டம் மூன்றாம் மாடியில், நகரசபையின் மண்டபத்தில். நியாயஸ்தல நாடகம் ஒன்றை எதிர்பார்த்துப் போன எனக்கு, நம் ஊர்க் கூட்டுறவுச் சங்கத்தின் வருஷாந்தரக் கூட்டம்தான் நினைவுக்கு வந்தது. கமிஷனர்களில் சிலர் வேலையிலிருந்து நேரே வந்தவர்கள். ஒருவர் பொட்டலத்திலிருந்து மறைவாக ஏதோ தின்றுகொண்டிருந்தார். அவர்களுக்குள் மனத்தாங்கல் இருப்பது ஒருவர் பேசும்போது மற்றவர் கூரையைப் பார்த்த விதத்திலிருந்தே தெரிந்தது. எந்த விஷயத்தை முதலில் எடுப்பது என்பதிலேயே முக்கால் மணி கழிந்தது. என் பக்கத்து ஆசாமி பின்னல் ஊசியை எடுத்து ஒரு காலுறை பின்னத் தொடங்கினார், அவர் அனுபவசாலி.

பிறகு பொதுமக்கள் பேசும் முறை வந்தது. ஒவ்வொருவருக்கும் இரண்டு நிமிஷம். ஒருவர், தம் தம்பியைப் போலீஸார் அடித்தது பற்றிய பிராது எங்கே நிற்கிறது என்று கேட்டார். கமிஷனர்கள் பதில் சொல்லாமல் குறித்துக்கொண்டார்கள். இன்னொருவர், போலீஸாரை எந்நேரமும் சந்தேகத்தோடு பார்த்தால் நல்லவர்கள் எப்படி இந்த ஊரில் வேலைக்கு வருவார்கள் என்று கோபத்தோடு கேட்டார். பின்வரிசையில் சிலர் கை தட்டினார்கள், சிலர் முணுமுணுத்தார்கள். அவ்வருஷம் அந்த ஊரில் திருட்டும் கொள்ளையும் பெருகி, கறுப்பர்களின் பழம்பெரும் சங்கமே நகரில் நெருக்கடி நிலை பிரகடனம் செய்யும்படி கேட்டிருந்தது. கடைசியில் ஒரு மூதாட்டி கைத்தடியை ஊன்றி எழுந்தார். தம் வீட்டில் திருடன் புகுந்தபோது அவசர எண்ணுக்குக் கூப்பிட்டு வெகுநேரம் காத்திருந்ததாகச் சொன்னார். போலீஸ் வந்தது, வந்தவர், வாசலில் நின்ற பேரனைத் திருடன் என்று எண்ணிச் சுவரோடு சேர்த்து நிறுத்தினார். “கூப்பிட்டால் வர வேண்டும், வந்தால் மரியாதையாக இருக்க வேண்டும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று எல்லோரும் என்னிடம் சொல்கிறார்கள். எனக்கு இரண்டும்...” என்ற இடத்தில் சிவப்பு விளக்கு எரிந்து மணி அடித்தது. அவர் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே தம் ஆசனத்துக்குத் திரும்பி நடந்தார். ஒலிபெருக்கியை அணைத்துவிட்டதால் எஞ்சியது எங்கள் வரிசைக்கு மட்டும் கேட்டது. காலுறை பின்னிக்கொண்டிருந்தவர், “இந்த அம்மாள் தவறாமல் வருவார், அந்தப் பழைய சபை இருந்த நாளிலிருந்தே” என்று எனக்குச் சொன்னார். “நீங்கள்?” என்றேன். ஊசியைத் தூக்கிக் காட்டினார். “இது பதினேழாவது ஜோடி.”

பத்தரை மணிக்குக் கூட்டம் இன்னும் முடியவில்லை. மருமானின் மூன்றாவது தொலைபேசி அழைப்புக்குப் பிறகு எழுந்து, ரயிலைப் பிடித்து, யாராலும் தொந்தரவு செய்யப்படாமல் ப்ரீமாண்ட் வந்து சேர்ந்தேன். அவனுக்கு அது சிறிது ஏமாற்றமாகவே இருந்ததென்று நினைக்கிறேன்.

ஊர் திரும்பிப் பெட்டியைக் காலி செய்யும்போது, மடிப்புக் கலையாத சட்டைகளுக்கு நடுவே அந்தப் பிராதுப் படிவம் கிடந்தது. என் மனைவி அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“நல்ல கனமான தாளா இருக்கே! வேணுமா உங்களுக்கு? மளிகைச் சீட்டு எழுதணும்.”

எடுத்துக்கொள் என்றுதான் சொன்னேன். திருப்பிப் பார்த்தாள், பின்பக்கமும் நெருக்கமாக அச்சடித்திருந்தது. பெட்டியிலேயே போட்டுவிட்டாள்.